வில்பர்ட் மிராந்தாவின் வெண்கலக் குரல்

மோட்சராக்கினியின் குரல் ஐஸ் கம்பெனி வில்பர்ட் மிராந்தாவின் தொண்டைக்குள் போய்ச் சேர்ந்த அன்று தருவைத்துறையில் சாளை அள்ள அள்ளக் குறையாமல் பட்டிருந்தது; ஆகவே அதிசயப்பட ஊரில் ஒருவருக்கும் நேரமில்லை. மீன் பட்ட ஊரில் செத்தவன் எழுந்து வந்தாலும், "வந்ததுதான் வந்தீரு, இந்தக் கூடையக் கொஞ்சம் தூக்கி விடும்" என்றுதான் சொல்வார்கள். அப்படிப்பட்ட ஊருக்கு அதிசயம் ஒரு பொருட்டா? இதில் யாருக்கு லாபம், யார் வாசலில் பந்தல் போடுவது, பாவம் உண்டா இல்லையா, இவ்வளவையும் பேசித் தீர்த்துவிட்டால் எந்த அதிசயமும் அடுத்த ஞாயிறு பூசைக்குள் பழங்கஞ்சியாகிவிடும்.

ராக்கினி 'கடலலை மெல்லிசைக் குழு'வின் பாடகி. அவள் குரலில் வளைவு நெளிவு கிடையாது, குலுக்கல் கிடையாது, எடுத்த சுருதியில் ஆணி அடித்தாற்போல் நிற்கும். மாதா கோயில் தெருவில் நின்று அவள் "பா, பா, பா" என்று தன் கோழிகளைக் கூப்பிட்டால் அடுத்த தெருக் கோழிகளும் தங்களைத்தான் கூப்பிடுகிறாள் என்று ஓடிவரும். அந்தக் குரல்தான் அவளுக்குச் சொத்து. மேடையில் மைக்கைப் பிடித்து நிற்கிற நேரம் மட்டும்தான் தான் யாருக்கும் மகளோ மருமகளோ பெண்டாட்டியோ இல்லை, ராக்கினி என்று அவளுக்குத் தோன்றும். குழுவுக்குத் தலைவன் அவள் புருஷன் தனிஸ்லாஸ், ஊருக்குத் தனிசு. தலைவன் என்றால் வண்டி பேசுவது, மாலை வாங்கிக்கொள்வது, அவள் பாடி முடித்ததும் எழுந்து நின்று கூட்டத்தைக் கும்பிடுவது. மற்ற வேலைகளை மற்றவர்கள் பார்த்துக்கொண்டார்கள்.

இந்தத் தனிசு ஒரு கப்பல்காரரிடமிருந்து பழைய சிந்தசைசர் ஒன்றை வாங்கி, மாட்டுவண்டியில் வைத்து, வெடி போட்டு ஊருக்குள் கொண்டுவந்தான். ஆர்மோனியத்துக்கும் டெலிபோன் ஆபீசுக்கும் கல்யாணமாகிப் பிறந்த பிள்ளை மாதிரி இருந்தது அது: கீழே கட்டைகள், மேலே பலகை முழுக்கத் திருகுகளும் பொத்தல்களும், பொத்தலுக்குப் பொத்தல் சொருகுவதற்கு ஒரு சாக்கு நிறையக் கம்பிகள். திருகுகளுக்கு மேல் இங்கிலீஷில் என்னவோ எழுதியிருந்தது. படிக்கத் தெரியாத எழுத்தைத் தொட்டால் ஷாக் அடிக்கும் என்ற பயத்தில் தனிசு பங்குச் சாமியாரை அழைத்துத் தீர்த்தம் தெளிக்கச் சொல்லி, எழுத்தெல்லாம் மறையும்படி அதிதூதர் படங்களை ஒட்டிவிட்டான். பெட்டிக்குள் மூன்று ஆசிலேட்டர்கள் இருந்தன. ஆசிலேட்டர் என்பது கரண்டை ஓயாமல் ஏற்றி இறக்கி அந்த ஏற்ற இறக்கத்தையே சத்தமாக ஆக்குகிற சாமான். முதலாவதுக்கு மிக்கேல், இரண்டாவதுக்குக் கபிரியேல், மூன்றாவதுக்கு இரபேல். பெட்டி கொஞ்சம் சூடேறும்வரை மூவரும் மூன்று சுருதியில் முறைத்துக்கொண்டு நிற்பார்கள், சூடேறியபின் சமாதானமாவார்கள், வெயில் உச்சிக்கு வந்தால் மறுபடியும் சண்டை.

பெட்டியை முற்றத்தில் வைத்துத் தனிசு ஊருக்கு விளக்கிக் காட்டினான்.

"கட்டைய அமுக்குனா இவ்வளவு கரண்டுன்னு மிக்கேலுக்குப் போவும். கரண்டு கூடுனா சுருதி மேல, கொறஞ்சா கீழ. அவ்வளவுதான் வே சங்கதி. இப்ப இந்த இரபேலு என்ன செய்வாரு தெரியுமா? மிக்கேலுக்குப் போற கரண்டக் குறுக்க நின்னு புடிச்சு ஆட்டுவாரு. ஏத்தி எறக்கி, ஏத்தி எறக்கி."

சொல்லிவிட்டு ஒரு கட்டையை அழுத்திக்கொண்டு இரபேலின் திருகைத் திருப்பினான். முதலில் மிக்கேலின் சத்தம் கரையோரத்து வள்ளம் போல மெல்ல ஆடிற்று, கூடியிருந்தவர்கள் ஆகா என்றார்கள். இன்னும் திருப்ப ஆட்டம் வேகம் பிடித்து ஆஸ்பத்திரி வண்டியின் ஊளையாயிற்று, யாருக்கு என்னவோ என்று சிலர் சிலுவை போட்டுக்கொண்டார்கள். இன்னும் திருப்ப ஊளை நடுக்கமாகி, நடுக்கம் உறுமலாகி, அதற்கும் மேலே திருப்பியபோது ஆட்டம் என்று ஒன்று இருந்ததே காதுக்குத் தெரியாமல் போய், வள்ளமும் ஊளையும் உறுமலும் எங்கே ஓடின என்று தெரியாமல், ஒரே ஒரு சத்தம், கணீரென்று, வெண்கல மணி அடித்த மாதிரி முற்றத்தில் நின்றது. கோயில்பிள்ளை தன்னைக் கேட்காமல் யார் மணி அடித்தது என்று ஓடிவந்தார்.

"காது அவ்வளவு வேகத்தப் பின்தொடராது வே," என்றான் தனிசு. "மெதுவா ஆட்டுனா ஆட்டம்னு தெரியும். வேகமா ஆட்டுனா அதுதான் கொரலுன்னு நெனச்சுக்கிடும்."

ராக்கினி வாசல்படியில் நின்று கேட்டாள். "அப்ப அந்த இரபேலுக்குன்னு சத்தமே கெடையாதா?"

"அவருக்கு எதுக்குட்டி சத்தம்? ஆட்டுறது அவரு வேல. கேக்குறது மிக்கேலு சத்தந்தான்."

"பாவம் அந்த மனுசன்," என்று சொல்லிவிட்டு ராக்கினி குழம்பைக் கிண்டப் போனாள்.

திருவிழாவில் மாதா சப்பரம் புறப்படுவதற்கு முன்னால் கச்சேரி. அதைத் தொடங்கி வைக்க வந்தவர்தான் வில்பர்ட் மிராந்தா. கரையில் பிடிபடுகிற மீன் அத்தனையும் அவர் ஐஸில் படுத்துத்தான் வெளியூர் போகவேண்டும் என்பதால் பெரிய மனிதர். ஆனால் வாயைத் திறந்தால் குக்கர் விசில். அவர் மேடையேறினால் இளவட்டங்கள், "எத்தன விசிலு வந்துச்சு? எறக்கிரலாமா?" என்று கேட்டுக்கொள்வார்கள். அவருக்கும் அது தெரியும். பஞ்சாயத்துத் தலைவர் தேர்தலில் நிற்கவேண்டும் என்ற ஆசையை அந்த விசிலுக்குப் பயந்துதான் அவர் மனசுக்குள்ளேயே பூட்டி வைத்திருந்தார்.

அன்று மேடை விளக்குகளின் சூட்டில் பெட்டியில் ஒட்டியிருந்த படங்கள் உரிந்து விழுந்துவிட்டன. தனிசு அவசரத்தில் எச்சில் தொட்டுத் திருப்பி ஒட்டினான். இரபேல் இருந்த இடத்தில் மிக்கேல், மிக்கேல் இருந்த இடத்தில் கபிரியேல். மைக் கம்பிகளைச் சொருகும் மிக்ஸர் அன்றைக்கென்று புகைந்துபோயிருந்ததால் மைக்குகளையும் பெட்டியின் பொத்தலிலேயே சொருகவேண்டியதாயிற்று. தூதர்களின் முகம் பார்த்துத்தான் சொருகினான். வில்பர்ட்டின் மைக் சத்தம் போடுகிறவருக்குள் போயிற்று, ராக்கினியின் மைக் ஆட்டுகிறவருக்குள் போயிற்று.

வில்பர்ட், "பேரன்புமிக்க" என்று ஒரு விசில் அடித்தார். கூட்டத்தில் ஒருவன், "ஒண்ணு" என்றான். பின்னால் ஓரமாக நின்ற ராக்கினி தொண்டையைச் சரிசெய்துகொள்ள மைக்கில் 'ஆ' என்று மெல்ல எடுத்தாள். எடுத்த சத்தம் அவள் காதுக்கே வரவில்லை. முன்னால் வில்பர்ட், "தருவைத்துறைப் பொதுமக்களே" என்றார். அது கணீரென்று வெண்கலத்தில் வந்து, பனங்காட்டில் மோதி, திரும்பி வந்து அவர் நெஞ்சிலேயே விழுந்தது. அவர் ஒரு கணம் தன் வயிற்றைக் குனிந்து பார்த்தார். பிறகு அரசியலுக்கென்றே பிறந்தவர் என்பதால், இது எப்போதும் உள்ளதுதான் என்ற பாவனையில் மேற்கொண்டு பேசினார். ராக்கினி பதறி இன்னும் உரக்கப் பாட, அவர் இன்னும் முழங்கினார். கைதட்டலில் சப்பரத்து விளக்குகள் ஆடின. "அண்ணாச்சிக்கு என்னா வெண்கலத் தொண்ட!" என்றார்கள், அதுவரை விசில் எண்ணியவர்கள்.

மறுநாள் ஊர்க் கமிட்டி கூடியது. நடந்தது இன்னதென்று எல்லாருக்கும் விளங்கியிருந்தது. அந்தப் பெண்ணின் குரல் போய் அண்ணாச்சியின் குரலை ஆட்டுகிறது, ஆட்டுகிற குரல் வெளியே கேட்காது, ஆட்டப்படுகிற குரல்தான் கேட்கும், பெட்டியின் முறை அது. இதில் வியக்க ஒன்றுமில்லை. விவாதம் எல்லாம் ராக்கினி எங்கே உட்காருவது என்பதில்தான். மேடையில் என்றால் அண்ணாச்சிக்கு மரியாதை இல்லை, மேடைக்குக் கீழே என்றால் மண் ஈரம். கடைசியில் மேடைக்குப் பின்னால் பச்சைத் துணியில் ஒரு மறைப்பு, ஒரு நாற்காலி, சுக்குத் தண்ணீர் என்று முடிவாயிற்று. பாவம் உண்டா என்று பங்குச் சாமியாரைக் கேட்டார்கள். ஒரு பெண்பிள்ளை சத்தமில்லாமல் இருப்பதால் ஊருக்கு ஒரு நல்லது நடக்குமென்றால் அதில் பாவம் எங்கே வந்தது என்று அவர் திருப்பிக் கேட்டார். இனி நீ பாடுவதை யாரும் கேட்கமாட்டார்களே, உனக்குச் சம்மதமா என்று ராக்கினியைக் கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. தனிசு அவளுக்குப் பதிலாக எழுந்து நின்று கும்பிட்டான்.

ஒரு கூட்டம் அல்லது இரண்டு, அதோடு முடிந்துவிடும் என்றுதான் அவளும் நினைத்தாள். ஆனால் பழகப் பழகக் கம்பி தேவைப்படாமல் போயிற்று. பெட்டியைத் துணி போட்டு மூடி வைத்தபிறகும், அவள் ஊரின் எந்த மூலையில் எதற்காக வாய் திறந்தாலும் அவள் வாயிலிருந்து காற்றுதான் வந்தது. அந்த நேரத்தில் வில்பர்ட் எதைப் பேசிக்கொண்டிருந்தாலும் அது வெண்கலமாயிற்று. இவள் முற்றத்தில் கோழிகளைக் கூப்பிட, கோழிகள் அசையாமல் நிற்க, அங்கே ஐஸ் கம்பெனியில் அவர், "ரெண்டு ஐஸ் பார ஏத்துல" என்று சொன்னது வேதவாக்குப் போல முழங்கி, ஏற்றுகிறவன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கைகூப்பி நின்றான். இவள் புளி விலையைக் கேட்டுக் கடைக்காரனோடு சண்டை போட, கடைக்காரன் காதைக் குடைந்துகொண்டு, "என்னக்கா, வாயசைக்கீக?" என்று கேட்க, அங்கே அவர் தும்மியதுகூடக் கோயில் மணியாகக் கேட்டது. அவள் இரவு படுத்துவிட்டால் மட்டும் அவர் பழையபடி விசில். அதனால் அவர் சீக்கிரமே சாப்பிட்டுவிட்டு வாயைத் திறக்காமல் படுத்துக்கொள்ளும் பழக்கத்துக்கு வந்தார். தலைவர் எவ்வளவு கட்டுப்பாடானவர் என்று அதையும் ஊர் மெச்சியது.

தனிசு சாய்வு நாற்காலியில் காலை நீட்டிக்கொண்டு, "வீடு எவ்வளவு அமைதியா இருக்கு பாத்தியா," என்றான். அவள் என்ன பதில் சொன்னாள் என்பது அவனுக்குத் தெரியாது. வாயசைவைப் பார்த்துப் பேச்சைப் புரிந்துகொள்ளக் கொஞ்ச நேரம் முகத்தைப் பார்க்கவேண்டும்; அந்த வழக்கம் அவனிடம் இல்லை. அடுத்த வீட்டுச் சிசிலிதான் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று ராக்கினியின் உதட்டைப் பார்த்துப் பார்த்து எல்லாவற்றையும் படிக்கக் கற்றுக்கொண்டாள்.

வில்பர்ட் பஞ்சாயத்துத் தலைவரானார். ஆகாமல் என்ன? எதிர்த்து நின்றவர் சாலை, குடிநீர், பாலம் என்று கணக்கோடு பேசினார். வில்பர்ட், "நான் உங்கள் வீட்டுப் பிள்ளை" என்று ஒரு மணி அடித்தார். அவ்வளவுதான்.

அதன்பிறகு ஊர் ஆண்கள் சும்மா இருப்பார்களா? தலைமை வாத்தியார் அருளப்பன், சிசிலியின் புருஷன், முதல் ஆளாக வந்து தன் பெண்டாட்டியைப் பெட்டியில் சொருகச் சொன்னார். பிறகு மளிகைக் கடைக்காரர், அதன்பின் வள்ளக்காரர்கள், கடைசியில் வேலைவெட்டி இல்லாதவர்களும்கூட. தனிசு வீட்டு வாசலில் வரிசை நின்றது. எல்லா ஜோடிக்கும் பலித்துவிடவில்லை. இரண்டு பேர் சுருதியும் ஒன்றுக்கு இரண்டு, இரண்டுக்கு மூன்று என்று கணக்காக ஒத்துப்போனால் கோயில் மணி. ஒத்துப்போகாவிட்டால் ஓட்டை அண்டா. ஜாதகமே பார்க்காத கிறிஸ்தவ ஊரில் அதன்பின் பெண் பார்க்கப் போகிறவர்கள் பெண்ணை ஒரு 'ஆ' எடுக்கச் சொல்லிவிட்டுத்தான் காப்பி குடித்தார்கள். சில வயதானவர்கள் மட்டும் இதில் என்ன புதுமை என்று அலுத்துக்கொண்டார்கள். ஊரில் பெண்கள் காலங்காலமாய்ச் செய்துவந்த வேலைதான், பெட்டி வந்து கம்பி கொடுத்தது, அவ்வளவுதானே என்றார்கள். அவர்கள் சொன்னதில் தப்பில்லை.

மறுத்தவர்கள் மீன் விற்கிற பெண்கள்தான். "எங்க சத்தம் போச்சுன்னா ஏலம் கூறுறது உன் அப்பனா? மீனு நாறிப்போவும் பாத்துக்க," என்று புருஷன்மார்களை விரட்டி அடித்தார்கள். நாகரிகம் தெரியாத சாதிகெட்ட வாய் என்று மற்ற வீடுகளில் அவர்களைப் பழித்தார்கள். சத்தமில்லாமல்தான் பழிக்க முடிந்தது.

இப்படியாகத் தருவைத்துறையில் ஆண்களில் முக்கால்வாசிப்பேர் மணியானார்கள். காலையில் பல் விளக்கத் தண்ணீர் கேட்பதும் மணி, பீடிக்கு நெருப்புக் கேட்பதும் மணி. இந்த ஆரவாரத்தில் உண்மையான கோயில் மணி யார் காதிலும் விழாமல், ஊரே பூசைக்குப் பிந்தி வந்தது. பங்குச் சாமியார் வருத்தப்பட்டார். தமக்கென்று ஆட்டிவிட யாருமில்லையே என்ற வருத்தமும் அதில் கொஞ்சம் கலந்திருந்தது.

ராக்கினிக்கோ நெஞ்சில் நெருப்பு. ஒரு பெண்ணுக்குக் குரல் போய்விட்டதென்றால் வைத்தியம் பார்க்கலாம். அவள் குரல் போகவில்லை, அது தினமும் ஊரைச் சுற்றி வருகிறது, அவளைத் தவிர எல்லாருக்கும் கேட்கிறது, அவளுடையது என்று மட்டும் ஒருவருக்கும் தெரிவதில்லை. இதற்கு எங்கே போய் மருந்து கேட்பது? அவள் தன் குரலைத் தானே மீட்டுக்கொள்வது என்று தீர்மானித்தாள்.

முதலில் வாயை இறுக மூடிக்கொண்டாள். செபம்கூடச் சொல்லவில்லை. மறுநாள் வில்பர்ட் பள்ளிக்கூட விழாவுக்கு வந்து, மாலையை வாங்கிக்கொண்டு, உதட்டில் விரலை வைத்துக் காட்டிவிட்டு அமர்ந்தார். மக்களின் நலனுக்காக அண்ணாச்சி மௌன விரதம் இருக்கிறார் என்று வாத்தியார் அருளப்பன் மணியடித்தார். ஊர் அழுதது. சில பெண்கள் அவர் காலடி மண்ணை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டார்கள்.

அடுத்தபடியாக ராக்கினி வேகத்தைக் குறைத்துப் பார்த்தாள். ஓர் ஏழை மீனவரின் இரங்கல் கூட்டத்தில், பச்சைத் துணிக்குப் பின்னால், தொண்டையின் அடியிலிருந்து ஆட்டுரலின் சுற்றைப் போல மெதுவாக, மிக மெதுவாக முனகினாள். வேகம் குறைந்ததும் வெண்கலம் கலைந்து ஆட்டம் வெளியே தெரிந்துவிட்டது. வில்பர்ட்டின் குரல் ஏறி இறங்கி, ஏறி இறங்கி, ஆட்டுக்குட்டி கத்துவது போல வந்தது. இன்றோடு தொலைந்தார் என்று அவள் எண்ணினாள். ஆனால் அந்தப் பக்கத்தில் விம்மல் சத்தம் கேட்டது. "ஏழைக்காக நாத் தழுதழுத்துப் பேசுறாரு பாரு, மனுசன்னா இவரு மனுசன்" என்று ஒருவர் சொன்னது அவள் காதில் விழுந்தது. அன்றைக்கு வில்பர்ட்டின் பெயர் பக்கத்துத் தாலுகாவரை போயிற்று.

என்ன செய்தாலும் அவருக்கே வாழ்வு. ராக்கினி களைத்துப்போனாள். அப்போதுதான் பூனை ஒன்று அவள் பொரித்து வைத்திருந்த நெத்திலியைச் சட்டியோடு இழுத்துக்கொண்டு ஓட, அவள் அடிவயிற்றிலிருந்து ஒரு கத்துக் கத்தினாள். அந்த நேரம் பஞ்சாயத்து ஆபீசில் பேசிக்கொண்டிருந்த வில்பர்ட்டின் குரல் மணியிலிருந்து வழுக்கி மேலே மேலே ஏறி, இறங்கத் தெரியாமல் உச்சியில் தொற்றிக்கொண்டு நின்றது. அவர் இருமி, தண்ணீர் குடித்து, தனிசுக்கு ஆள் அனுப்பினார். தனிசு பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு வந்து ராக்கினியிடம் விரலை ஆட்டினான்.

"ஏட்டி, வேகம் வேற, வீச்சு வேற. நீ கத்தி வீச்சக் கூட்டுனா அவரு கொரலு மேல போறது ரொம்ப, கீழ வாரது கொஞ்சம். போகப் போகத் தன் எடத்துல நிக்காம ஏறிக்கிட்டே போயிரும். தொண்ட தாங்காது, அறுந்துரும். இனிமே கத்தாத, கேட்டியா? பூன தின்னா தின்னுட்டுப் போவுது."

ராக்கினி தலையை ஆட்டினாள். இவ்வளவு பயனுள்ள விஷயத்தைப் புருஷன் தனக்குச் சொன்னது கல்யாணமான நாளிலிருந்து அதுதான் முதல் தடவை.

துறைமுக மேடைக்கு அடிக்கல் நாட்ட மந்திரி வருகிறார் என்று ஊர் கலகலத்தது. அந்தக் கூட்டத்தில் வில்பர்ட்டின் பேச்சைக் கேட்டுவிட்டு, பிடித்திருந்தால் சட்டசபைக்குச் சீட்டுக் கொடுப்பதாகப் பேச்சு. தனிசு கனவு காணத் தொடங்கிவிட்டான்.

"அண்ணாச்சி செயிச்சா நாம மெட்ராசுக்குப் போயிரலாம். உனக்குன்னு ஒரு ரூமு. சன்னலே கெடையாது, ஏசி. நாள் பூரா நீ பாட்டுக்குப் பாடிக்கிட்டே இருக்கலாம். அண்ணாச்சி ஆயுசுக்கும் உன்னக் கைவிட மாட்டாவ."

ராக்கினி அவன் முன்னால் வந்து நின்று, கையை நெஞ்சில் வைத்து, வாயசைத்தாள். அவன் வேலியைப் பார்த்து, "என்ன சொல்லுதா?" என்று கேட்டான்.

வேலிக்கு அந்தப் பக்கம் சிசிலி நின்றாள். வாத்தியாருக்காகப் பெட்டியில் சொருகப்பட்டபின் அவளுக்கும் குரல் இல்லை. அவள் வேலியோரத்து மணலில் குச்சியால் எழுதிக் காட்டினாள். ராக்கினியின் குரல் ராக்கினிக்கு வேண்டுமாம்.

தனிசு அதைப் படித்துவிட்டு நிஜமாகவே ஆச்சரியப்பட்டான். "கொரலு எங்க போச்சு? ஊரே கேக்குதே!"

கூட்டத்தன்று கடற்கரையில் தலைகள்தான். மந்திரி நடுநாற்காலியில் கண்ணை மூடி யோசித்துக்கொண்டிருந்தார், அல்லது தூங்கினார். பச்சைத் துணிக்குப் பின்னால் ராக்கினியை உட்காரவைத்து, கையில் சுக்குத் தண்ணீரைக் கொடுத்து, "சுதாரிப்பா இரு, மானம் போயிரக் கூடாது" என்று சொல்லிவிட்டுத் தனிசு முன்வரிசைக்குப் போனான்.

வில்பர்ட் எழுந்தார். ராக்கினி வழக்கம்போல 'ஆ' எடுத்துக் கொடுத்தாள். மணி முழங்கியது. "கடல் அன்னையின் மடியில்" என்று அவர் தொடங்கியதும் மந்திரி கண்ணைத் திறந்து நிமிர்ந்து உட்கார்ந்தார். நல்ல பேச்சு, நல்ல மணி, ஊர் பூரித்தது. அந்தப் பூரிப்பை நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த ராக்கினிக்கு, தான் பாடிய ஒவ்வொரு மேடையும் ஞாபகம் வந்தது, எழுந்து கும்பிட்டவன் ஞாபகம் வந்தது, அசையாமல் நின்ற கோழிகள் ஞாபகம் வந்தன, சன்னலில்லாத அந்த அறை, அதை அவள் இன்னும் பார்க்காதபோதே, ஞாபகம் வந்தது. சுக்குத் தண்ணீரைத் தரையில் ஊற்றினாள். எழுந்து நின்றாள். இரண்டு கையையும் இடுப்பில் ஊன்றி, அடிவயிற்றை உள்ளே இழுத்து, சேர்த்து வைத்த அத்தனை மாதத்துப் பேச்சையும் ஏச்சையும் பாட்டையும் ஒரே மூச்சில் வாரிக் கத்தினாள்.

வில்பர்ட்டின் வெண்கலம் பித்தளையாயிற்று, பித்தளை எவர்சில்வர் டம்ளராயிற்று, டம்ளர் விசிலாயிற்று, அவள் விடவில்லை, வீச்சு கூடக்கூட விசில் ஊசியாகி, ஊசி முனையாகி, மனிதக் காது எட்டுகிற கடைசிப் படியையும் தாண்டி ஏறிப் போய்விட்டது. கடற்கரை நாய்கள் மட்டும் காதை விறைத்துக்கொண்டு மேடையைச் சுற்றி வந்து உட்கார்ந்தன. வில்பர்ட் பேசிக்கொண்டேயிருந்தார். வாய் திறந்தது, மூடியது. கை உயர்ந்தது, தாழ்ந்தது. ஒரு சத்தமும் இல்லை. கூட்டம் மெய்மறந்து கேட்டது. அவர் கையை உயர்த்திய இடத்திலெல்லாம் சரியாகக் கைதட்டினார்கள். எங்கே தட்டவேண்டும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. "ஆழமான கருத்து" என்று மந்திரி பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்.

அப்போது வில்பர்ட்டின் தொண்டை தாங்கவில்லை. ஏதோ கழன்றது. பச்சைத் துணிக்குப் பின்னால் மிச்சமிருந்த கத்தல் முழுவதும், வளைவில்லாமல், குலுக்கலில்லாமல், ராக்கினியின் வாயிலிருந்தே வெளியே வந்தது. தன் குரலைத் தன் காதால் கேட்டதும் அவளுக்குக் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. கடற்கரை முழுவதும் திரும்பிப் பார்த்தது.

"ஏட்டி, யாரது?" என்று கமிட்டிக்காரர் ஒருவர் கோபமாய்ச் சத்தம் போட்டார். "அண்ணாச்சி பேசுதாவ, காதுல விழல்லியா? சத்தம் போடாத!"

ராக்கினி துணியைக் கிழித்து விலக்கிக்கொண்டு வந்தாள். "எந்த அண்ணாச்சி பேசுதாவ? நல்லாப் பாத்துச் சொல்லும்," என்றாள்.

எல்லாரும் வில்பர்ட்டைப் பார்த்தார்கள். அவர் வாய் இன்னும் திறந்து மூடிக்கொண்டிருந்தது. கரையோரம் கூடைகளோடு நின்ற மீன்காரப் பெண்கள்தான் முதலில் சிரித்தார்கள். மற்றவர்கள் சிரிக்கலாமா கூடாதா என்று மந்திரியின் முகத்தைப் பார்த்தார்கள். மந்திரி சிரிக்கவில்லை, ஆகவே அவர்களும் சிரிக்கவில்லை.

சீட்டு வில்பர்ட்டுக்கே கிடைத்தது. சட்டசபைக்குப் போகிறவருக்குக் குரல் இருந்தால் சில சமயம் சங்கடம், இல்லாமலிருப்பதே தோது என்று மேலிடத்தில் கருதினார்களாம். அவர் செயித்தார், போனார், இன்றுவரை கையை உயர்த்துகிறார், தாழ்த்துகிறார், ஒரு குறையும் இல்லை. ஊர்க் கமிட்டி கூடி, மந்திரி முன்னால் ஒரு பெண்பிள்ளை கத்தியது முறையா என்று மட்டும் விசாரித்து, முறையில்லை என்று முடிவு செய்தது. அதை ராக்கினிக்குத் தெரிவிக்க ஒருவரும் வரவில்லை. வந்தால் அவள் பதில் பேசுவாள் என்ற பயம்.

மறுநாள் காலையில் சிசிலி வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றாள். கண் சிவந்திருந்தது. வாயசைத்தாள், சத்தம் வரவில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து வாத்தியார் அருளப்பன் வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கிற மணி மட்டும் கேட்டது. அவளுக்குப் பின்னால் மளிகைக்காரர் பெண்டாட்டி, அவளுக்குப் பின்னால் தெருவில் இன்னும் சில பெண்கள்.

"மெல்லக் கத்துனா வீச்சு காணாது, அது அவரு மணியாத்தான் போவும்," என்றாள் ராக்கினி. "இடுப்புல கைய வை. மூச்ச இழு. ஒண்ணும் மிச்சம் வைக்காத. கத்துட்டி சிசிலி!"

தூரத்தில் வாய்ப்பாடு மெல்ல மேலே ஏறத் தொடங்கியது.

தனிசு உள்ளேயிருந்து வேட்டியை இறுக்கிக்கொண்டு ஓடிவந்தான். அழாத குறை. "ஏட்டி, மெல்லப் பேசுட்டி. தெருவே கேக்குது!"

"கேக்கட்டும்," என்றாள், இன்னும் கொஞ்சம் உரக்க.